தாடைத் தழும்பு கேஸ்

“என் பொண்ணு முகம் விகாரமா இருக்கும். உங்க பையனுக்கு வேற நல்ல இடமா பாருங்க” என்று வாசலில் நிறுத்தியே சொல்லிவிட்டார் சுப்பையன்.

பெண் பார்க்க வந்தவர்கள் வந்த வழியே திரும்பினார்கள். பக்கத்து ஊரான செமாபோக்கிலிருந்து டாக்சி பிடித்து வந்தவர்களுக்கு ஒரு வாய் காப்பிகூடக் கிடைக்கவில்லை. அவர்களைக் கூட்டிவந்த தரகு பூங்காவனம், “பெத்த அப்பன் பேசுற பேச்சாய்யா இது!” என்று தலையில் அடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

கதவைச் சாத்திய சுப்பையனுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. மகள் கமலவேணிக்கு அப்படி ஒன்றும் விகாரமில்லை. உதட்டுக்குக் கீழே அரை விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு, அவ்வளவுதான். தெங்கேரா பஸ் ஸ்டாப்பில் அவள் இறங்குவதற்குள் டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டான். விழுந்ததில் தாடை கிழிந்து தையல் போட்டார்கள்.

கீழ்க்கோர்ட்டில் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. காயத்துக்காகக் கொஞ்சம், முகத்தில் தழும்போடு இருக்கிற பெண்ணுக்குக் கல்யாணம் கூடிவருவது கஷ்டம் என்பதற்காக நிறைய. இத்தனூண்டு தழும்புக்கு இவ்வளவு பணமா என்று பஸ் கம்பெனி அப்பீல் போட்டுவிட்டது.

லாயர் பொன்னுதுரை அன்றைக்கே கறாராகச் சொன்னார். “அப்பீல் முடியிற வரைக்கும் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது. நிச்சயம் ஆச்சுன்னு தெரிஞ்சா, இந்தப் பொண்ணுக்குத்தான் மாப்பிள்ளை கெடச்சிருச்சேன்னு சொல்லித் தொகையைக் குறைக்கப் பார்ப்பாங்க. இத வெளியிலயும் சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க.”

சுப்பையன் அந்தப் பணத்தை நம்பியிருந்ததே அவள் கல்யாணத்துக்குத்தான். கல்யாணம் ஆகாது என்று கொடுக்கிற பணத்தில் கல்யாணம் செய்ய வேண்டும். பணம் வரும்வரை கல்யாணம் செய்யக் கூடாது. நினைக்க நினைக்க அவருக்கு மண்டை காய்ந்தது.

அப்பீலோ நகர்வேனா என்றது. ஒரு தடவை ஜட்ஜ் லீவில் ஊருக்குப் போய்விட்டார். இன்னொரு தடவை கம்பெனி லாயருக்குக் காய்ச்சல். “நாட்டுக்கே மெர்டேக்கான்னு சுதந்திரம் கெடச்சிருச்சுய்யா, எனக்கு ஒரு தேதி கெடைக்க மாட்டேங்குது!” என்று சுப்பையன் பசாரில் நின்று கத்தியது காஜா பெராங் ஊர் முழுக்கக் கேட்டது.

சும்மா இருந்தால் பெண் ஏங்கிப்போவாள் என்று, தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஆவதற்குச் சனிக்கிழமைதோறும் நடக்கும் பயிற்சி வகுப்பில் அவளைச் சேர்த்துவிட்டார். “கேஸ் முடியிற வரைக்கும்தாம்மா. மாப்பிள்ளை அமைஞ்சா நின்னுறணும்” என்றார். அவள் தலையாட்டினாள்.

கேஸ் தள்ளிப்போன செய்தி வரும்போதெல்லாம் கமலவேணி நேராக அடுப்படிக்குள் போய்விடுவாள். அன்றைக்குச் சாப்பாட்டில் சவ்வரிசிப் பாயசம் இருக்கும்.

“எல்லாத்தையும் மனசுக்குள்ள போட்டுக்கிட்டு நம்மளத் தேத்துதுங்க இந்தப் புள்ள” என்று அவள் அம்மா அஞ்சலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். சுப்பையன் பாயசத்தைத் தள்ளி வைத்துவிடுவார்.

ஒருவழியாக அப்பீல் விசாரணைக்கு வந்தது. தழும்பு நன்றாகத் தெரியட்டும் என்று பவுடர்கூடப் போடவிடாமல் மகளை அழைத்துப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தார். ஜட்ஜ் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“ஐயா, புள்ள முகத்தப் பார்க்கச் சொல்லுங்க!” என்று லாயரின் கோட்டைப் பிடித்து இழுத்தார் சுப்பையன்.

“அப்பீல்ல முகத்தைப் பார்க்க மாட்டாங்க. கீழ்க்கோர்ட்டு ஜட்ஜ் போட்ட தொகை சரியா தப்பான்னு பேப்பரைத்தான் பார்ப்பாங்க. சத்தம் போடாம உட்காருங்க.”

வெட்டியாகப் பவுடர் போடாமல் வந்திருக்கிறாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு லாயர்களும் மாறி மாறி இங்கிலீஷில் பேசினார்கள். அவருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. கடைசியில் பொன்னுதுரை திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கொடுத்த தொகை அளவுக்கு மீறியது இல்லையாம், அப்பீல் தள்ளுபடி.

வீட்டுக்குள் நுழைந்ததுமே சுப்பையன் கூவினார். “அஞ்சலை, ஜெயிச்சாச்சு! பூங்காவனத்துக்குச் சொல்லி அனுப்பு. அந்த செமாபோக் பையன் வீட்டுல கால்ல விழுந்தாவது சனிக்கிழமை கூட்டிக்கிட்டு வரச் சொல்லு.”

“சனிக்கிழமை இவளுக்கு வகுப்பு இருக்கேங்க. பரீட்சை வேற வருதாம்.”

“வகுப்பாவது ஒன்னாவது! இனிமே அது எதுக்கு? என் பொண்ணு பட்ட கஷ்டமெல்லாம் இன்னையோட தீர்ந்துச்சு.”

கமலவேணி இந்தத் தடவை அடுப்படிக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கித் தழும்பு வரைக்கும் வந்துவிட்டது.

சந்தோஷத்தில் அழுகிறாள் என்று சுப்பையன் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். “இன்னும் எதுக்கும்மா அழுவுற? எல்லாம் முடிஞ்சிருச்சு.”

அவள் மெல்லக் கேட்டாள்: “கம்பெனிக்காரங்க இன்னொரு அப்பீல் போட மாட்டாங்களாப்பா?”