நிமிராத மெத்தை

எடை குறைந்தால்தான் முழங்காலில் அறுவைச் சிகிச்சை என்று மருத்துவர் கண்டிப்பாகக் கூறியதால், தங்கைக்குக் காலைதோறும் பசியை அடக்கும் ஹார்மோன் ஊசியை நானே போட்டேன். உணவையும் அளந்தே கொடுத்தேன். இருபது கிலோ குறைந்தாள். ஆயினும், அவள் எழுந்த பிறகும் மெத்தையின் பள்ளம் நிமிர்வதில்லை.

இன்று அவள் எடை பார்க்கக் குளியலறைக்குச் சென்றதும் விரிப்பை இழுத்தேன். யாரோ மேலே உட்கார்ந்திருப்பதுபோல் அது வர மறுத்தது. கலைந்த படுக்கையை நான் பொறுப்பதில்லை.

“எழுந்திரு!” என்று அதட்டினேன்.

மெத்தை மெல்ல நிமிர்ந்தது.

சற்று நேரத்தில் குளியலறையிலிருந்து தங்கை அலறினாள். “ஐயோ அக்கா, பழைய எடையே காட்டுது! வாயைக் கட்டினதெல்லாம் வீணா? டாக்டர் இனி கத்தியைத் தொடவே மாட்டாரு!”

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். “மிஷின் கெட்டிருக்கும். இறங்குடி.”

தங்கை இறங்கினாள். முள் இருபதில் நின்றது.