ஒரு வரி

“அந்த வீட்ல நாய் இருக்கு மேடம். அத மட்டும் ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்.”

மோகன்ராஜ் சொல்லிக்கொண்டே இருக்க, டாக்டர் ஞானஜோதி ஸ்டெதாஸ்கோப்பை மிருதுளாவின் முதுகில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எட்டு வயதுப் பிள்ளை. மூச்சை இழுக்கும்போதெல்லாம் கழுத்துக்குழி உள்ளே போனது. விடும்போது விசில் சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது.

மகளின் மூச்சு மோகன்ராஜை உலுக்கியது உண்மைதான். வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்தாற்போல இருந்தது என்பதும் உண்மைதான். அடுத்த மாதம் குடும்பநல நீதிமன்றத்தில் அவனுடைய மனு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது முதல் மதியம் ஒன்று வரை என்று அளந்து கொடுக்கப்படும் மகளை, மொத்தமாகத் தன்னிடமே விடச் சொல்லிக் கேட்டிருந்தான்.

பிரிந்துபோன மனைவி கீதா வேறு கல்யாணம் செய்துகொண்டதைக்கூட ஒருவழியாகச் செரித்துவிட்டான். செரிக்காதது அவள் கட்டிக்கொண்ட ஃபிரெடி.

சேலையூரில் பள்ளிக்கூட வாத்தியார். சட்டை மடிப்புக் கலையாத ஆள். மிருதுளாவுக்கு சைக்கிள் பழக்கியது ஃபிரெடி. முன்பல் விழுந்த அன்று பக்கத்தில் இருந்தது ஃபிரெடி. வாரத்தில் ஆறே முக்கால் நாள் அந்த ஆளுக்கு, நாலு மணி நேரம் பெற்றவனுக்கு. இது எந்த ஊர் நியாயம்?

அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று இருந்தது. ஃபிரெடியைப் பற்றிப் பேசும்போது மிருதுளா ‘அவங்க’ என்றுதான் சொல்வாள். அவங்க தோசை சுட்டாங்க. அவங்க ஹோம்வொர்க் பாத்தாங்க. தன் எதிரே நாக்கைக் கட்டிக்கொள்கிறாள் என்று மோகன்ராஜுக்குத் தெரியும். அந்த வீட்டுக்குள் என்னவென்று கூப்பிடுகிறாள்? இரும்புக் கடையில் ஆணி நிறுக்கும்போதுகூட இந்தக் கேள்வி வந்து எதிரே நிற்கும். கேட்கத்தான் பயம். அந்த வார்த்தையாகவே இருந்துவிட்டால்?

“எங்கிட்ட இருக்கறப்ப ஒரு நாள்கூட இழுப்பு வந்ததில்ல மேடம். ஆறு மாசமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நல்லாத்தான் இருக்கா. இன்னிக்கு அங்கேருந்தே இழுப்ப ஏத்திக்கினு வந்துட்டா.”

அந்த ஆறு மாதம்தான் அவனுடைய துருப்புச் சீட்டு. வக்கீலிடமும் அதைத்தான் சொல்லி வைத்திருந்தான்.

“நாய் இப்ப இல்லப்பா,” என்றாள் மிருதுளா. வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. “நாவலூர்ல குடுத்தாச்சு. அவங்கதான் கொண்டுபோய் விட்டாங்க.”

அதற்கும் அவனுக்கு வயிறு எரிந்தது. நாயை விட்டுக்கொடுத்தானாம், பெரிய தியாகி.

“நீங்க சிகரெட் பிடிப்பீங்களா?” என்று கேட்டார் டாக்டர்.

“பிள்ளை முன்னாடி தொட்டதே இல்ல மேடம்.”

சத்தியமான பேச்சு. ஞாயிறு காலையில் கீதா வீட்டுத் தெருமுனையிலேயே ஒன்றைப் பிடித்து முடித்து, புதினா மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டுதான் வாசலில் ஹாரன் அடிப்பான். மிருதுளா பைக்கில் ஏறியதும் இரண்டு கையாலும் அவனைக் கட்டிக்கொண்டு, சட்டை முதுகில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். இரும்புலியூர் வரும்வரை நிமிர மாட்டாள். அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் அவன் மற்ற ஆறு நாளையும் தள்ளினான்.

டாக்டர் கேட்பதற்கு முன்பே மிருதுளா தன் பையைத் திறந்தாள். ஜிப் வைத்த சின்ன உறையிலிருந்து நீல இன்ஹேலரை எடுத்தாள், குலுக்கினாள், பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி வாயில் வைத்தாள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் விரல் விட்டு மூச்சை எண்ணினாள். ஆறு முறை போடச் சொன்னார் டாக்டர். ஒன்றில்கூடப் பிசகவில்லை.

“அழகாப் போடறியே. யார் சொல்லிக் குடுத்தது?”

பிள்ளை அப்பா முகத்தைப் பார்த்தது. “அவங்க,” என்றது.

கால் மணி நேரத்தில் விசில் அடங்கியது. அதற்குள் அந்த உறையில் இருந்த அட்டை ஒன்றை டாக்டர் எடுத்துப் படித்துவிட்டிருந்தார்.

“இன்னிக்குக் காலைல போட்டுக்கலையாம்மா?”

“அவங்க ஸ்கூல் பசங்களக் கூட்டிட்டு கோவளம் போயிட்டாங்க. அம்மா மறந்துட்டாங்க.”

டாக்டர் அட்டையை மோகன்ராஜிடம் நீட்டினார்.

பிளாஸ்டிக் ஒட்டிய அட்டை. அச்சடித்தாற்போன்ற வாத்தியார் கையெழுத்து. ‘மிருதுளா: நீல இன்ஹேலர், இரண்டு முறை, எப்போது?’ என்று மேலே எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. கீழே மூன்றே வரி.

ஓடி விளையாடும் முன்.

சாம்பிராணி போடும் வீட்டுக்குப் போகும் முன்.

ஞாயிறு காலை, அப்பாவிடம் போகும் முன்.

மோகன்ராஜ் கடைசி வரியை மறுபடி படித்தான். பிறகு அதில் இருந்த ஒரு வார்த்தையை மட்டும் படித்தான். அந்த வீட்டில் அந்த வார்த்தையை அவனுக்காகத்தான் வைத்திருந்தார்கள்.

மூச்சு சீரான மிருதுளா, எப்போதும்போல அவன் தோளில் சாய வந்தாள்.

“அங்கியே உக்காரும்மா,” என்று அவன் சட்டைக் கையை முகர்ந்தபடி தன் நாற்காலியைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டான்.