கழுவிவிட்ட தரை

ரெட்டிபாளையத்து வீட்டுக் கூடத்தில் காலை வெயில் விழுந்து கிடக்கிறது. அதில் பக்கத்து ஆலையின் சிமெண்டுத் தூசி மெல்லச் சுழல்வதை முத்தமிழ் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெங்களூரிலிருந்து பஸ் மாறி மாறி அவள் வந்து சேர்வதற்குள் அப்பாவை எடுத்துவிட்டார்கள். இன்னும் அழுகை வரவில்லை. அவரைக் கிடத்தியிருந்த இடத்தில் வைத்திருந்த விளக்கையும் செம்புத் தண்ணீரையும் நேற்றுக் கருமாதியோடு எடுத்தாயிற்று. கழுவிவிட்ட தரை வெறுமனே கிடக்கிறது. பூண்டு உரித்தபடி அத்தை கேட்கிறாள், "பெங்களூர்ல என்னத்தடி ஆராய்ச்சி பண்ற?" "வானத்துல கரும்பொருள் எங்கெங்க இருக்குன்னு தேடுறோம் அத்த. அது கண்ணுக்குத் தெரியாது." "தெரியாதத எப்படிக் கண்டுபிடிப்ப?" "பின்னாலேர்ந்து வர்ற நட்சத்திர வெளிச்சம் அதுகிட்ட வந்ததும் வளையும். அந்த வளைவ வச்சு, அங்க ஏதோ கனமா இருக்குன்னு தெரிஞ்சுக்கலாம்." அத்தை "ம்" கொட்டிவிட்டு அடுத்த பூண்டை எடுக்கிறாள். அடுப்படியிலிருந்து அம்மா காபியோடு வருகிறாள். நேராகவே வரலாம், குறுக்கே எதுவும் இல்லை. ஆனால் கூடத்தின் நடுவுக்கு வந்ததும் அவள் கால் தானாக ஒதுங்குகிறது. அந்த வெறுந்தரையைச் சுற்றிக்கொண்டு சுவரோரமாக வந்து டம்ளரை நீட்டுகிறாள். முத்தமிழ் வாங்கிக்கொள்கிறாள். அம்மா வளைந்து வந்த வழியிலேயே அவள் கண் நிற்கிறது. டம்ளரின் சூடு கையில் உறைக்கவே இல்லை.