ஒரு படி, ஒரு மூச்சு

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் தையல் பிரிந்து திரும்பி வருவது அதிகமானதால், செம்பூரிலிருந்த அந்த ஆஸ்பத்திரியில் புது வழக்கம் வந்தது. வீட்டமைப்பைக் கேட்டு, அதற்கேற்ப நோயாளியைப் பழக்கிவிட்டுத்தான் டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும். அந்த வேலை நர்ஸ் கோகிலவாணியின் தலையில் விழுந்தது. டோம்பிவிலியிலிருந்து லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே வந்த கால்களோடு அவள் அதையும் செய்தாள்.

குடலிறக்க ஆபரேஷன் முடிந்த சுடலைக்கண்ணனுக்குத் தாராவியில் வீடு. படுக்கை மேலறையில், ஏறிப்போகச் செங்குத்தான இரும்பு ஏணி. இன்று காலையில்தான் அவரை ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் பழக்கினாள்.

"அவசரமே கூடாது அண்ணே. வயித்தப் புடிச்சுக்கிட்டு ஒரு படி, நின்னு ஒரு மூச்சு, அப்புறம் அடுத்த படி."

பிறகு, அழைத்துப்போக ஆள் வரச்சொல்லி அவர் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அவிய நேத்தே வந்துட்டாவளே சிஸ்டர்," என்றாள் அவர் மனைவி மாரீஸ்வரி. "தனியா அனுப்பிட்டியளே, நல்லாவா இருக்கு?"

கோகிலவாணி நிமிர்ந்தாள். எதிர்க் கட்டிலில் சுடலைக்கண்ணன் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"மேலதான் படுத்திருந்தாவ. இந்தா இறங்கி வாராவ, பேசுங்க."

போனில் இரும்பு ஏணி கிறீச்சிட்டது. ஒரு படி. நின்று ஒரு மூச்சு. அடுத்த படி.

இங்கே அடுத்த நோயாளியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். சுடலைக்கண்ணன் வயிற்றைப் பிடித்தபடி எழுந்தார். ஆயா விரிப்பை உருவினாள்.

"வீட்டுக்குக் கெளம்பட்டா சிஸ்டர்?" என்றார் அவர்.