இரண்டு கையும் வேணும்

"ஆறு வாரம்தான் ஆகுது சார். தோள்ல இருக்கிறது புது மூட்டு. அவசரப்படாதீங்க," என்றாள் பிசியோதெரபிஸ்ட்.

"விபத்துக்கு அப்புறம் நானும் என் மனைவியும் சரியாப் பேசவே இல்லம்மா," என்றார் அவர்.

"அவங்களுக்குக் கோபமா?"

"காரை ஓட்டினது நான். போனது எங்க பையன்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வலது கையை நெஞ்சுவரை உயர்த்தினார். வாசலருகே உட்கார்ந்திருந்த மனைவி எழுந்து வந்து எதிரே நின்றாள். அவருடைய இரண்டு கைகளும் காற்றில் பேசத் தொடங்கின. பிறவியிலேயே காது கேளாத அவள், அந்த விரல்களையே இமைக்காமல் பார்த்தாள்.

"என்ன சார் சொன்னீங்க?"

"கடைசி மூச்சு வரைக்கும் அவன் அம்மாவைத்தான் கேட்டான்னு சொன்னேன். ஒத்தைக் கையால அதைச் சொல்ல முடியலம்மா."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் தோளைத் தொட்டு, விரல்களை அசைத்தாள். அவர் தேம்பினார்.

"அம்மா என்ன சொல்றாங்க?"

"வலிக்குதான்னு கேக்கறா."