இடது ஓரத்துக் கட்டை

டிராவா ஆற்றங்கரைப் புகைப்படச் சங்கத்தில் ஒரு விதி உண்டு. எல்லோரும் குறை நிறை சொல்லி முடிக்கும்வரை படம் எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது.

அன்று திரையில் விங்கோவின் படம். விடியற்காலைச் சதுப்பு நிலம், நிறைய வெள்ளை நாரைகள்.

"வெளிச்சம் அருமை," என்றாள் டுப்ராவ்கா. அவள் வாய்க்குப் பயப்படாதவர் சங்கத்தில் கிடையாது. "ஆனா இடது ஓரத்துல என்னப்பா அந்த அழுகின கட்டை? கண்ணு அங்கேயே போகுது. வெட்டித் தள்ளு."

"கட்டை மேல ஒரு வாலாட்டிக் குருவி உக்காந்திருக்கே, அழகாத்தானே இருக்கு?" என்றது பின்வரிசை.

"ஒரு குருவிக்காக இவ்வளவு பெரிய கட்டையைச் சுமக்கணுமா? நாரையை எடுக்கப் போனா நாரையை மட்டும் எடுக்கணும். சரி விங்கோ, இப்ப நீ பேசலாம்," என்றாள் டுப்ராவ்கா.

விங்கோ எழுந்தான்.

"நான் நாரையை எடுக்கப் போகலைங்க. நீங்க எப்படித்தான் படம் எடுக்கறீங்கன்னு பாக்க உங்க பின்னாலயே வந்தேன். நாலு மணி நேரம் அசையாம சேத்துல படுத்துக் கிடந்தீங்க. முதுகுல குருவி வந்து உக்காந்ததுகூட உங்களுக்குத் தெரியலை. அது கட்டை இல்லைங்க, நீங்கதான்."

டுப்ராவ்கா ராக்கியா மதுக் கோப்பையைக் கீழே வைத்தாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையருகே போய் வெகுநேரம் பார்த்தாள்.

"அப்போ நாரையை எல்லாம் வெட்டிடு," என்றாள். "கவனத்தைக் கெடுக்குது."