நெத்திலிக் கருவாடு

நவம்பர் இருபத்தொன்று, வியாழக்கிழமை. விடியல் முதல் தூறல் ஓயவில்லை. தாடையில் புற்று முற்றிய பொன்ராசுவுக்கு வயிற்றுக் குழாய் வழியே கஞ்சி செல்லத் தொடங்கியது முதல், சமையல் மணம் அவரை வதைக்கக் கூடாதென்று மனைவி தெய்வக்கனி வீட்டில் அடுப்பையே மூட்டவில்லை. அடுத்த தெருத் தங்கை வீட்டில் கஞ்சி காய்ச்சி, தானும் அங்கேயே உண்டு, வாய் கொப்பளித்துத் திரும்புவாள். வலி மருந்து கொண்டுவந்த செவிலி ஸ்டெல்லா அன்று குனிந்து, "அண்ணாச்சி, ஒங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். அவர் குழறியதைக் காதில் வாங்கி நிமிர்ந்தவள், "அக்கா, நான் சாகுமுன்னமே அடுப்ப அணைச்சிட்டியான்னு கேக்காரு. கருவாடு பொரிச்சு, நீங்க அவரு முன்னால ஒக்காந்து தின்னணுமாம்," என்றாள்.

ஸ்டெல்லா சென்றபின் தெய்வக்கனி நெத்திலிக் கருவாட்டை எண்ணெயில் இட்டாள். கண்ணீர் மறைத்ததால் சட்டி புகைந்தது தெரியவில்லை.

"ஏட்டி, கருகுது!" என்று கட்டிலிலிருந்து குழறலாய் ஓர் அதட்டல் வந்தது.

"மூக்கு மட்டும் நல்லாத்தான் வேல செய்யுது ஒங்களுக்கு," என்று திட்டியபடியே தட்டுடன் அவரருகே அமர்ந்தாள்.

அவர் கண்மூடி மணத்தை உள்ளிழுத்தார். அவள் கை தயங்கியபோதெல்லாம் தின்னுமாறு விரலசைத்தார். அந்த விரல் ஓய்ந்துவிட்டதைக் கண்டும் அவள் நிறுத்தாமல் தின்றாள். அப்போது பகல் மணி ஒன்று இருபது.